தோட்டாத் தாள் ஒட்டிய வீடு

எதிர்வீட்டு சவரிமுத்துவுக்குப் போன மாதம் கல்யாணம் ஆனது. பெண் இன்னும் வரவில்லை. வருவதற்குள் வீட்டை அழகு பண்ணிவிட வேண்டும் என்று மனிதன் அலைகிறான். கட்டிலைக் கிழக்கே போடுவதா மேற்கே போடுவதா என்று தெருவில் போகிறவர்களையெல்லாம் நிறுத்திக் கேட்கிறான். நேற்று பெங்களூர் தண்டுக் கடைத்தெருவிலிருந்து பூப்போட்ட காகிதச் சுருள் வாங்கிவந்து சுவரில் ஒட்ட ஆரம்பித்தான். கோணலா நேரா என்று பார்த்துச் சொல்ல என்னைக் கூப்பிட்டான். செங்கல் சுவர், ஓட்டுக் கூரை, கரண்ட் விளக்கு. பயப்பட ஒன்றுமே இல்லாத வீடு. உள்ளே கால் வைத்தேன். புளியங்கொட்டைப் பசையின் வாசனை மூக்கில் ஏறியது. அவன் வாயில் ஒரு பீடி கனிந்துகொண்டிருந்தது.

அடுத்து என்ன செய்தேன் என்று எனக்கே தெரியாது. பார்த்தால் பீடி என் காலடியில் நசுங்கிக் கிடக்கிறது, சவரிமுத்து பசை மட்டையும் கையுமாகப் பூக்களோடு பூவாகச் சுவரில் ஒட்டிக்கொண்டு நிற்கிறான். "இன்னா மாமா, இன்னா ஆச்சி உனுக்கு?" என்றான். என்ன ஆயிற்று என்று சொல்வதானால் இந்த ஊருக்குக் கரண்ட் வருவதற்கு முந்தின காலத்துக்குப் போக வேண்டும். "கோணல்" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்துவிட்டேன். காகிதம் நேராகத்தான் இருந்தது, பாவம்.

வீட்டுக்கு வந்து நெற்றியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். அடுப்படியில் இருந்த என் சம்சாரம் கன்னியம்மா திரும்பிப் பார்க்காமலே, "பசை நாத்தமா?" என்றாள். அப்புறம் முதுகு குலுங்கக் குலுங்கச் சிரித்தாள். அவள் சிரிக்கட்டும். உங்களிடம் சொல்கிறேன், நீங்களாவது முடிவு வரைக்கும் பொறுங்கள்.

அப்போது நான் தங்க வயலுக்கு வந்து கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. மீசை முளைத்திருந்தது, ஆனால் இரண்டு பக்கமும் ஒரே அளவில் இல்லை. சுரங்கத்துக்கு முட்டுக் கொடுக்கும் மரங்களை அறுத்து அடுக்கும் மரக் கிடங்கில் எனக்கு வேலை. பூமிக்கு மேலேயே வேலை என்பதால் ஊரில் என்னை அதிர்ஷ்டக்காரன் என்றார்கள். இருக்க இடம் கொடுத்திருந்தார்கள். இடம் என்றால் மூங்கில் தட்டி நாலு பக்கம், மேலே புல், வரிசையாக ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்ட குடிசைகளில் ஒன்று. அதிலும் நான் பாதிக்குத்தான் சொந்தக்காரன். மறுபாதி எட்டியப்பனுடையது. அவன் பூமிக்குள்ளே பாறைக்கு வெடி வைக்கிற கூட்டத்தில் எடுபிடி. அவனுக்கு ராத்திரி ஷிப்ட், எனக்குப் பகல் ஷிப்ட். நான் எழுந்து போகும்போது அவன் வந்து அதே பாயில் படுப்பான். அந்தப் பாய் ஆறி நான் பார்த்ததில்லை. குடிசையின் வாசனையைச் சொல்ல வேண்டுமானால், ஈரக் கோணி, உருகின மெழுகுவத்தி, எட்டியப்பன். மூன்றாவதுதான் மற்ற இரண்டையும் அமுக்கிவிடும்.

எனக்குக் கல்யாணம் ஊரில் ஆகியிருந்தது. ஊர் குடியாத்தத்துக்குப் பக்கம். பெண்ணை இன்னும் அனுப்பவில்லை. மாமனார் வெல்ல வியாபாரி. எதைப் பார்த்தாலும் விரல் மடக்கித் தட்டிப் பார்க்காமல் ஒப்புக்கொள்ள மாட்டார். வெல்ல உருண்டை, பானை, மாட்டின் விலா, எல்லாவற்றையும் தட்டுவார். கல்யாணத்தன்று என் முதுகையும் தட்டினார். பாசம் என்று நினைத்தேன், அப்புறம்தான் புரிந்தது. அவர் ஊரிலிருந்து வந்த ஒருவர் மூலமாகச் சொல்லி அனுப்பியிருந்தார். ஞாயிற்றுக்கிழமை காலை ரயிலில் பெண்ணோடு வருகிறார். வந்தவர் அவர் குரலிலேயே சொல்லிக் காட்டினார்: "வூடா இருந்தா உட்டுட்டு வருவேன். கூடா இருந்தா சாயங்கால ரயில்ல இட்டுக்கினு வந்துடுவேன். அப்பால அவன் வந்து கேக்கக் கூடாது."

வந்தவர் போன பிறகு நான் குடிசையைச் சுற்றிப் பார்த்தேன். சுற்ற ரொம்ப நேரம் பிடிக்கவில்லை. கூடுதான். குருவி பார்த்தால்கூட வேறிடம் தேடும்.

கன்னியம்மாவைக் கல்யாணத்தில் பார்த்ததுதான். தலை குனிந்தே இருந்தாள். ஆனால் பந்தியில் எனக்கு இலை போட்டபோது, பக்கத்து இலையைவிட என் இலை சின்னதாக இருக்கிறது என்று பார்த்து, ஒன்றும் பேசாமல் மாற்றிப் போட்டுவிட்டுப் போனாள். அந்த இலையிலேயே நான் விழுந்துவிட்டேன். இப்போது அவளைக் காலை ரயிலில் இறக்கி, சாயங்கால ரயிலில் ஏற்றி அனுப்புவதா?

அந்தச் சமயத்தில்தான் கம்பெனி துரை ஒருவரின் பங்களா வராந்தாவுக்குத் தூண் மாற்ற நாங்கள் மரம் தூக்கிப் போனோம். இறக்கி வைத்துவிட்டுத் தண்ணீருக்காகக் காத்திருந்தபோது ஜன்னல் வழியாக ஒரு அறையைப் பார்த்தேன். நடுவில் ஒரு கண்ணாடி. அதற்கு இந்தப் பக்கம் ஒரு விளக்கு, அந்தப் பக்கம் ஒரு விளக்கு. இங்கே ஒரு நாற்காலி, எதிரே ஒரு நாற்காலி. இரண்டு குதிரைப் படங்கள், ஒன்றை ஒன்று பார்த்துக்கொண்டு. ஜன்னல் திரையைக்கூட இரண்டாகப் பிரித்து, இரட்டைச் சடை போட்ட பெண் மாதிரி இரு பக்கமும் கட்டியிருந்தார்கள். நடுவில் ஒன்றுமே இல்லை. வெறும் தரை. அறையில் ஆள் இல்லை, ஆனாலும் அது "வா, உட்கார்" என்று சொன்னது. எங்கள் குடிசை ஆள் இருக்கும்போதுகூட அப்படிச் சொன்னதில்லை. "குனி" என்று மட்டும்தான் சொல்லும்.

எனக்குச் சூத்திரம் பிடிபட்டுவிட்டது. எல்லாம் ஜோடி. நடுவில் காலி. இவ்வளவுதானா துரைத்தனம் என்று நினைத்துக்கொண்டேன்.

எட்டியப்பனை வரிசையின் கடைசிக் குடிசைக்கு மாறச் சொல்லிக் கெஞ்சினேன். "கல்யாணம் ஆனா ஆளு மாறிடுவாங்கன்னு சொல்வாங்க. நீ பொண்ணு வர்றதுக்கு முன்னியே மாறிட்ட," என்று தன் பாதிப் பாயைக் கேட்டான். முழுப் பாயையும் கொடுத்தேன். தரையைக் கொத்திச் சமன் பண்ணி, கரித்தூள் கலந்த சாணியால் மெழுகினேன். துணி போடும் கொடி நடு வீட்டில் மூஞ்சியில் இடிக்கும். அதை ஓரமாகக் கட்டினேன். தலையில் இடிக்கும் வாசல் மூங்கிலுக்குப் பஞ்சு அடைத்த கோணியைச் சுற்றினேன், மாமனாரின் மண்டைக்காக. ஒரு குடம் இருந்தது. கிளியம்மாவிடம் இன்னொரு குடம் இரவல் வாங்கி அதற்கு ஜோடியாக வைத்தேன். கிளியம்மா அடுத்த குடிசை. எனக்கும் அவளுக்கும் நடுவே ஒரே தட்டி. உள்ளங்கை அளவு கண்ணாடி ஒன்றை எதிர்த் தட்டியின் நட்டநடுவில் தொங்கவிட்டேன். நடுவா என்று நூல் பிடித்துப் பார்த்தேன். மரம் அறுக்கிறவன் கண் அல்லவா, ஒரு விரல் தள்ளியிருந்தாலும் தூக்கம் வராது.

தட்டிதான் தலைவலி. சொல்லப்போனால் தலைவலி என்ற சொல்லை நான் கதையில் இன்னும் கொஞ்சம் தள்ளியே வைத்திருக்க வேண்டும். மூங்கில் தட்டியில் சந்து சந்தாக வெளிச்சம் வரும், காற்று வரும், கிளியம்மாவின் கண்ணும் வரும். புதுப்பெண் இருக்கிற வீடு. மறைக்க வேண்டாமா?

பாறை உடைக்கும் மருந்தை விரல் தடிமன் குழாய்களாகப் பெட்டியில் அடுக்கி அனுப்புவார்கள். தோட்டா என்போம். பெட்டிக்குள் விரித்து வரும் தாள் கெட்டியாக, மெழுகு பூசி, தேன் நிறத்தில் இருக்கும். மருந்துக் கிடங்குக்குப் பின்னால் காலிப் பெட்டிகளையும் தாளையும் எரிப்பதற்காகக் குவித்துப் போட்டிருந்தார்கள். இப்படிப்பட்ட பட்டுத் தாளை எரிக்கிறார்களே, துரைகளுக்குப் பொருளின் அருமை தெரியவில்லையே என்று எனக்கு வருத்தம். காவல்காரன் வெற்றிலை வாங்கப் போயிருந்தான். எனக்கு மரம் தெரியும், மருந்து தெரியாது.

சனிக்கிழமை மத்தியானம் முழுக்க ஒட்டினேன். புளியங்கொட்டைப் பசை, நன்றாகக் காய்ச்சினது. நாலு பக்கமும் தேன் நிறம். பெட்டிகள் இரண்டை வாசலுக்கு இரு பக்கமும் உட்காரப் போட்டேன். தள்ளி நின்று பார்த்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், குடிசை "வா, உட்கார்" என்றது. எனக்கு நெற்றிப்பொட்டு இரண்டும் விண்விண் என்று தெறித்துக்கொண்டிருந்தது. சந்தோஷத்தில் என்று நினைத்தேன். புதுத் தரையை மிதிக்க மனசு வராமல் அன்று எட்டியப்பனின் புதுக் குடிசையில் போய்ப் படுத்தேன்.

ஞாயிறு காலை எட்டியப்பன் ஷிப்ட் முடிந்து வந்து எட்டிப் பார்த்தான். உள்ளே வரவில்லை. மூக்கைத் தூக்கி ஒரு இழுப்பு இழுத்தான். ஒரு ஓரத்தில் துருத்திக்கொண்டிருந்த தாளில் விரல் நீளம் கிழித்து, தெருவில் தூரமாகப் போய் ஒரு கல்லின்மேல் வைத்து, குச்சியில் நெருப்பு ஏற்றிக் காட்டினான். 'புஸ்' என்றது. கண் கூசியது. கல்லில் சாம்பல்கூட இல்லை.

"தோட்டா மருந்து வேர்த்து எறங்கின தாளு இது," என்றான் சாவகாசமாக. "தொட்டாலே தல வலிக்கும். இந்த வூட்ல நெருப்பு வெச்சீனா, அப்பால வூட்டத் தேடிக்கினு அலைய வாணாம். அண்ணாந்து பாத்தாப் போதும்."

பாய்ந்து போய்த் தாளைப் பிடித்து இழுத்தேன். புளியங்கொட்டைப் பசையின் பெருமையை அன்றுதான் முழுசாக உணர்ந்தேன். நகம்தான் பிய்ந்தது. அந்த நேரம் பார்த்து கோரமண்டல் ஸ்டேஷன் பக்கம் ரயில் ஊதியது.

எட்டியப்பனின் யோசனை நேராக இருந்தது: மாமனாரிடம் உண்மையைச் சொல்லிவிடு. சொன்னால் என்ன ஆகும்? "மாமா, செவுரு வெடிக்கும், மத்தபடி வசதியான வூடு" என்பதா? அவர் பெண்ணைத் தெருவிலேயே திருப்பிக்கொண்டு போவார். சொல்லாவிட்டால் அவளை மருந்துப் பெட்டிக்குள் உட்கார வைக்கிறேன். இரண்டுக்கும் நடுவே ஒரு வழி என் மண்டையில் உதித்தது. சாயங்கால ரயில் வரைக்கும் வீட்டுக்குள் நெருப்பே கூடாது. அவர் போனதும் பிய்த்துவிடலாம். ஓடிப்போய்க் கிளியம்மாவிடம் இன்றைக்கு அடுப்பைத் தெருவில் வைத்துக்கொள் என்று காலில் விழாத குறையாகச் சொன்னேன். காரணம் கேட்டாள். சொல்ல நேரமில்லை என்றேன். "உங்க மாமனாரு என் கொழம்பு வாசனைக்கி மயங்கிடுவாருன்னு பயமா?" என்று சொல்லிக்கொண்டே அடுப்புக் கல்லைத் தூக்கி வெளியே வைத்தாள். நல்ல மனுஷி.

ஸ்டேஷனில் மாமனார் முன்னால் இறங்கினார், கன்னியம்மா ஒரு புதுப் பானையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு பின்னால். அவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தப் பானை எதற்கு என்று எனக்குத் தெரிந்துவிட்டது. புது வீட்டில் பால் பொங்க வைப்பதற்கு.

மாமனார் கோணி சுற்றின வாசலில் மண்டையை இடித்துக்கொண்டு, வலிக்காததைக் கண்டு ஆச்சரியப்பட்டு உள்ளே வந்தார். சுவரை விரல் மடக்கித் தட்டினார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். மூடின கண்ணுக்குள் குடியாத்தம் வரைக்கும் தெரிந்தது. ஒன்றும் ஆகவில்லை. "பரவால்ல மாப்ள, பளபளன்னு கீது," என்றார். கன்னியம்மா இரண்டு குடங்களையும் இரண்டு பெட்டிகளையும் மாறி மாறிப் பார்த்தாள். கண்ணாடியைக் கொஞ்சம் நகர்த்தினாள். எனக்கு நூல் பிடித்தது நினைவு வந்து உள்ளம் பதறினாலும் வாயைத் திறக்கவில்லை. அன்று பதற வேறு விஷயங்கள் இருந்தன.

மாமனார் பெட்டியின்மேல் உட்கார்ந்து மடியிலிருந்து சுருட்டை எடுத்தார்.

உள்ளே சுருட்டுப் பிடித்தால் கம்பெனி ஜமேதார் வந்து ஆளைப் பிடித்துக்கொண்டு போவான் என்றேன். அப்படி ஒரு ஜமேதார் எந்தக் கம்பெனியிலும் இல்லை. அவர் முணுமுணுத்துக்கொண்டே தெருவுக்குப் போனார்.

அடுத்தது விளக்கு. கன்னியம்மா ஊரிலிருந்து அகல், எண்ணெய், திரி எல்லாம் கொண்டுவந்திருந்தாள். கண்ணாடிக்குக் கீழே சுவரை ஒட்டி வைத்தாள். எனக்கு அழகாகவும் இருந்தது, உயிரும் போனது. ராகுகாலம், விளக்கு ஏற்றக் கூடாது என்றேன். மாமனார் வாசலிலிருந்தே, "ஞாயித்துக்கெழம ராகுகாலம் சாயங்காலம்தானே மாப்ள?" என்றார்.

"அது உங்க ஊர்ல மாமா. இது மைசூர் சீமை. இங்க வேற."

அவர் சுருட்டை வாயிலிருந்து எடுத்துவிட்டு என்னையே பார்த்தார். ஆனால் எல்லை தாண்டி வந்தவர், ஒருவேளை இருக்குமோ என்று விட்டுவிட்டார். கன்னியம்மா மட்டும் விடவில்லை. நான் பேசுகிற போதெல்லாம் என் கண் சுவருக்குப் போய்த் திரும்புவதை அவள் கவனித்துக்கொண்டிருந்தாள். அது எனக்கு அப்போது தெரியாது. தெரிந்திருந்தால் சுவரைப் பார்க்காமல் கூரையைப் பார்த்திருப்பேன். அங்கேயும் ஒரு தாள் ஒட்டியிருந்தது.

பால்தான் என்னை முடித்தது. கன்னியம்மா மூலையில் இருந்த அடுப்புக் கல்லில் பானையை ஏற்றிவிட்டாள். நான் என்ன சொல்லி நிறுத்தலாம் என்று மூளையைத் துழாவிக்கொண்டிருக்கும்போது, புதுப்பெண்ணுக்கு உதவி செய்ய வேண்டுமே என்று கிளியம்மா ஓட்டாஞ்சில்லில் நெருப்புத் தணல் எடுத்துக்கொண்டு, வாயெல்லாம் சிரிப்பாக, குனிந்து உள்ளே நுழைந்தாள். சிவக்கச் சிவக்கத் தணல். அவள் கைக்கும் தாளுக்கும் ஒரு சாண்.

நான் குடத்தைத் தூக்கித் தணல்மேல் கவிழ்த்தேன். குடம் தண்ணீர் முழுவதும். தணல், அடுப்பு, கிளியம்மா, பானையில் இருந்த பால், எல்லாம் ஒன்றாகி மெழுகின தரையில் ஓடியது. தடுக்கிவிட்டது என்றேன். நின்ற இடத்தில் நின்றுகொண்டே தடுக்கினேன். கிளியம்மா முந்தானையைப் பிழிந்துகொண்டே, இப்படி ஒரு தடுக்கலைத் தான் பார்த்ததில்லை என்று சொல்லிவிட்டுப் போனாள்.

மாமனார் சிரிக்கவில்லை. மகள் முதல்முதலாக அடுப்பு மூட்டும்போது நெருப்பில் தண்ணீர் விழுந்திருக்கிறது. அதோடு அவர் இரண்டு நெற்றிப்பொட்டையும் அழுத்திப் பிடித்திருந்தார். முகம் வெளிறியிருந்தது.

"வந்ததுலேர்ந்து தலைய இன்னாவோ பண்ணுது. இந்த வூடு ஆவாது. கன்னியம்மா, மூட்டைய அவுக்காத. வண்டிக்கி இன்னும் நேரம் கீது, நான் வெளிய கொஞ்சம் படுக்குறேன்."

தெருக் கோடியில் ஒரு புங்கமரம் உண்டு. அதன் கீழே துண்டை விரித்துப் படுத்துவிட்டார். தீர்ந்தது. ஜோடிக் குடம், ஜோடிப் பெட்டி, நடுவில் காலி. நடுவில் நான்தான் காலி.

கன்னியம்மா ஈரத் தரையில் நின்றுகொண்டு, "செவுத்துல இன்னாங்க ஒட்டி வெச்சிருக்கீங்க?" என்று கேட்டாள். மெதுவாகத்தான் கேட்டாள்.

சொல்லிவிட்டேன். பங்களா, குதிரைப் படம், மருந்துக் கிடங்கு, கல்லின்மேல் புஸ் என்றது, எல்லாவற்றையும், மூச்சு விடாமல். சொல்லி முடித்ததும் அவள் ஒரு அடி நகர்ந்து தட்டியைவிட்டு விலகி நின்றாள். அப்புறம், "நைனாவோட ரயிலு எப்போ?" என்றாள்.

சாயங்காலம் என்றேன். அவளும் போகத்தான் கேட்கிறாள். நியாயம்தானே. நானே என்னை விட்டுப் போக முடிந்தால் போயிருப்பேன்.

அவள் சேலையை வரிந்து கட்டினாள். "அதுக்குள்ள முடிச்சிடலாம். தண்ணி எங்க எடுக்கணும்?"

தாளின் உள்பக்கம் மெழுகு, தண்ணீர் ஒட்டாது. அவள் வெளியே போய்த் தட்டியின் சந்து வழியாகத் தாளின் முதுகில் குடம் குடமாக ஊற்றினாள். பசை ஊறி இளகியது. இந்த யோசனை காலையில் எனக்கு வரவில்லை. வந்திருந்தால் இந்தக் கதை இல்லை. எட்டியப்பன் தூக்கத்தை விட்டு வந்தான். கிளியம்மா வந்தாள், இந்தமுறை தண்ணீரோடு. "வூட்டுக்கு இன்னாடி குளிப்பாட்டு?" என்று தெருவே கேட்டது. புதுப்பெண் வந்தால் வீட்டைக் கழுவுவது எங்கள் ஊர் வழக்கம் என்று கன்னியம்மா கண்ணிமைக்காமல் சொன்னாள். என் மைசூர் ராகுகாலம் அவள் முன் ஒன்றுமே இல்லை. ஈரத் தாளைச் சுருட்டிச் சுருட்டி, பெட்டிகள் இரண்டோடும் சேர்த்து, எட்டியப்பன் மருந்துக் கிடங்கின் குவியலுக்கே கொண்டுபோய்ப் போட்டுவிட்டு வந்தான்.

கடைசித் தாள் விழுந்ததும் தட்டிச் சந்துகள் திறந்தன. வெயில் கோடு கோடாக ஈரத் தரையில் விழுந்தது. காற்று உள்ளே வந்தது. நாற்றம் போனது. ஜோடியாக இருந்ததெல்லாம் இடம் மாறிக் கிடந்தது, நூல் பிடித்த கண்ணாடி ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. கன்னியம்மா வேர்வையைத் துடைத்துக்கொண்டு அதில் முகம் பார்த்தாள். அதை நிமிர்த்த எனக்குத் தோன்றவில்லை.

"செவுத்துல மருந்த ஒட்டிட்டு மூஞ்சிய வேற அப்பிடி வெச்சிக்கினு நின்னியே," என்றாள். காலையில் 'நீங்க' என்றவள். விட்டுப் போகப்போகிறவள் இப்படி உரிமையாகத் திட்ட மாட்டாள் என்று கொஞ்சம் தைரியம் வந்தது. ஆனால் மூட்டை இன்னும் அவிழ்க்காமல் வாசல் பக்கமே இருந்தது.

மாமனார் எழுந்து வந்தார். தலை தெளிந்திருந்தது, முகம் தெளியவில்லை. உரித்த கோழி மாதிரி நிற்கிற தட்டியைப் பார்த்து, பளபளப்பு எங்கே என்று கேட்டார். காற்று வரவில்லை, நான்தான் கிழிக்கச் சொன்னேன் என்றாள் மகள். அடுப்பு ஈரம், அதனால் தெருவில் கிளியம்மா அடுப்பிலேயே பால் வைக்கலாம் என்றாள். பால் வீட்டுக்குள் அல்லவா பொங்க வேண்டும் என்று அவர் அடம் பிடித்தார்.

"உள்ள நாலு பேரு நின்னா அஞ்சாவது ஆளு வெளிய நிக்கணும் நைனா. தெருவுல இத்தினி பேரு கீறாங்க. வூடு எங்க முடியுதுன்னு இங்க யாரு கண்டா?"

தெரு நடுவில், திறந்த வெளியில், வரிசைக் குடிசை ஜனங்களெல்லாம் சுற்றி நிற்கப் பால் பொங்கியது. எந்தத் திசையில் வழிந்தது என்று பார்க்க எல்லோரும் குனிந்தார்கள். நான் நெருப்பையே பார்த்துக்கொண்டிருந்தேன். அன்று காலையிலிருந்து நான் பயமில்லாமல் பார்த்த முதல் நெருப்பு அது. ஆளுக்கு ஒரு வாய்தான் வந்தது. எட்டியப்பன் இரண்டு தடவை வாங்கினான்.

ரயிலுக்கு நேரமாகிவிட்டது. மாமனார் துண்டை உதறித் தோளில் போட்டார். மூட்டையை ஒரு தரம் பார்த்தார், என்னை ஒரு தரம் பார்த்தார், மகள் பக்கம் திரும்பி, "கெளம்பலாமா?" என்றார். என் காதில் மரக் கிடங்கின் பெரிய ரம்பம் ஓடியது.

கன்னியம்மா அடுப்பிலிருந்து பானையை இறக்கிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"நீ போய்ட்டு வா நைனா," என்றாள்.

அவர் போனார். ஸ்டேஷன் வரைக்கும் நான் கூடப் போனேன். ரயில் நகரும்போது ஜன்னல் வழியாகக் கையை நீட்டி என் முதுகைத் தட்டினார்.

ஊரில் போய் அவர் சொன்ன கதை வேறு. மருமகன் வீடு தங்கத்துக்கு நேர் மேலே இருக்கிறது, உள்ளே போனால் பூமிக்குள் இருக்கிற தங்கம் தலையைப் பிடித்து இழுக்கிறது, சாதாரண ஆள் தாங்க முடியாது என்று சாகிற வரைக்கும் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். நாங்கள் திருத்தவில்லை.

அப்புறம் என்ன? கொள்ளை நோய் வந்த வருஷம் குடிசை வரிசைகளைப் பிரித்து எரித்தார்கள். புங்கமரம் போனது. கிளியம்மா குடும்பத்தோடு எங்கேயோ போனாள், எங்கே என்று கேட்கக்கூட யாரும் இல்லை. எட்டியப்பன் ஒருநாள் ஷிப்டுக்கு இறங்கினவன் ஏறி வரவில்லை. எங்களுக்குச் செங்கல் வீடு கொடுத்தார்கள். சுவரில் சந்து இல்லை. அடுத்த வீட்டில் என்ன குழம்பு என்று இப்போது தெரிவதில்லை. சவரிமுத்து வீட்டில் பால் பொங்கும்போது கதவைச் சாத்திக்கொண்டு பொங்க வைப்பான் என்று நினைக்கிறேன். இப்போது அதுதான் மரியாதை.

போன வாரம் ஆண்டர்சன்பேட்டைச் சந்தைக்குப் போய்த் திரும்பும்போது பழைய குடிசை வரிசை இருந்த பக்கமாக நடந்தோம். மண்ணோடு மண். நடுவே கம்பெனி டிராலி ஓடும் இருப்புப் பாதை. கன்னியம்மா இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவில் போய் நின்றுகொண்டு, "இங்கதான் அடுப்பு இருந்திச்சி," என்றாள். இல்லை, இன்னும் கொஞ்சம் மேற்கே என்றேன். தனக்குத் தெரியாதா என்றாள். மரம் அறுத்த கண், எனக்குத் தெரியும் என்றேன். சண்டை முற்றிக்கொண்டிருக்கும்போது டிராலி வந்தது. ஓட்டுகிறவன் கத்தினான். இரண்டு பேரும் விலகி நின்றோம், துரை வீட்டு நாற்காலி ஜோடி மாதிரி பாதைக்கு இந்தப் பக்கம் அவள், அந்தப் பக்கம் நான். நடுவே டிராலி கடகடவென்று போய்க்கொண்டே இருந்தது.